அரசுக்குப் பவர் எழுதிக் கொடுத்தது யார்?

தமிழில் ஒருவரைப் பழமைவாதி என்று சொன்னால் அது பாராட்டு இல்லை. பழைய பஞ்சாங்கம், எதையும் மாற்ற விடாத ஆள் என்று ஒரு முகம் மனதில் வந்து நிற்கும். அமெரிக்காவின் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்களுக்கும் நாம் ஒட்டும் பெயரும் அதுதான். ஆனால் அவர்கள் மேடையேறினால் வாய்க்கு வாய் பேசுவது சுதந்திரத்தைப் பற்றி. புதிதாகக் கேட்பவர் திகைத்துப்போகிறார். பழமைவாதிக்கும் சுதந்திரத்துக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. "அவங்க அரசாங்கமே வேண்டாம்னு சொல்றவங்க" என்பது ஒன்று. "பணக்காரனுக்கு வரியைக் குறைக்க ஒரு சாக்கு" என்பது மற்றது. முதலாவது தவறு. இரண்டாவது சில அரசியல்வாதிகளுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் ஒரு கருத்தை, அதைச் சொல்லிப் பிழைப்பவர்களை வைத்து மட்டும் எடைபோட்டால் உலகத்தில் எந்தக் கருத்தும் தேறாது. அரசுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற அவர்களின் கொள்கையோடு எனக்கும் பல இடங்களில் ஒத்துப்போகாது. இருந்தாலும் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு சண்டை போடுவதுதான் முறை.

பவர் பத்திரம்

வெளியூரில் இருக்கும் ஒருவர் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் என்ன இருக்கும்? வாடகை வசூலிக்கலாம், வீட்டு வரி கட்டலாம், ரிப்பேர் பார்க்கலாம், வழக்கு வந்தால் வக்கீல் வைக்கலாம். விற்கலாம் என்று அதில் எழுதவில்லை என்றால் பவர் ஏஜென்ட் வீட்டை விற்க முடியாது. "விற்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே" என்று அவர் வாதாடினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். எழுதாத அதிகாரம் அவருக்கு இல்லாத அதிகாரம்.

வீட்டுக்காரரின் நிலை இதற்கு நேர்மாறு. தன் வீட்டில் ஆணி அடிக்கவோ சுவருக்கு வெள்ளை அடிக்கவோ அவர் யாரிடமும் பத்திரம் காட்ட வேண்டியதில்லை. சட்டம் தடுக்காத எல்லாமே அவருக்கு உண்டு.

வரம்புள்ள அரசு என்ற கருத்து இந்த வித்தியாசத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. குடிமகன் வீட்டுக்காரர், அரசு பவர் ஏஜென்ட். குடிமகன் தடுக்கப்படாத எதையும் செய்யலாம். அரசு, கொடுக்கப்பட்ட அதிகாரத்தை மட்டும் செலுத்தலாம். இது தலைகீழாகி, "உனக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று ஏஜென்ட் வீட்டுக்காரரைக் கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் பழமைவாதியின் புகார் ஆரம்பிக்கிறது.

இங்கே ஒரு நல்ல கேள்வி எழும். பிடிக்காத அரசைத்தான் தேர்தலில் தூக்கிவிடலாமே, பிறகு எதற்கு இந்தப் பட்டியல்? பவரை ரத்து செய்யும் உரிமை கையில் இருப்பது உண்மைதான். ஆனால் ரத்துப் பத்திரம் பதிவாவதற்குள் வீடு கைமாறிவிட்டால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? இன்னும் சிக்கலானது கூட்டுச் சொத்து. பத்துப் பங்காளிகளில் ஒன்பது பேர் கூடி, பத்தாமவர் பாகத்தை விற்றுவிடு என்று ஏஜென்டிடம் சொல்கிறார்கள். கை தூக்கி எடுத்த முடிவுதான், பெரும்பான்மைதான். பத்தாமவருக்கு அது கொள்ளை.

ஆகவே ஜனநாயகமும் வரம்புள்ள அரசும் ஒன்றல்ல. யார் ஆள்வது என்ற கேள்விக்கு ஜனநாயகம் பதில் சொல்கிறது. எதுவரை ஆள்வது என்பது வேறு கேள்வி. நூற்றுக்கு நூறு வாக்கு வாங்கி வந்த அரசுக்கும் அந்த இரண்டாவது கேள்வி உண்டு.

சின்ன அரசும் வரம்புள்ள அரசும்

பேச்சில் இந்த இரண்டும் ஒரே பொருளில் புழங்குகின்றன. பழங்கால மன்னன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு சேவகர்கள், ஒரு கருவூலம், கொஞ்சம் படை. மிகச் சின்ன அரசு. ஆனால் அவன் கை காட்டினால் எவன் தலையும் உருளும். சின்னது, ஆனால் வரம்பில்லாதது. பல லட்சம் ஊழியர்களோடு இயங்கும் இன்றைய அரசு ஒன்று, நீதிமன்றம் வேண்டாம் என்றால் நிற்கிறது, சட்டத்தில் இல்லாத வரியை வசூலிக்க முடியாமல் தவிக்கிறது. பெரியது, ஆனால் வரம்புள்ளது.

பழமைவாதிகள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். பெரிதாகிவிட்டதைக் கட்டிவைப்பது கடினம் என்பது அவர்கள் வாதம். வரி வாங்கும் அரசனை வயலில் புகுந்த யானைக்கு ஒப்பிட்டு, அதன் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவதே அதிகம் என்று பாண்டியன் ஒருவனுக்குச் சங்கப் புலவர் எடுத்துச் சொன்ன கவலையும் கிட்டத்தட்ட இதுதான். யானைக்குத் தீனி போடக் கூடாது என்று புலவர் சொல்லவில்லை. அறுத்துக் கவளமாகக் கொடு, வயலுக்குள் விடாதே என்றார்.

எந்தச் சுதந்திரம்?

சுதந்திரம் என்ற சொல்லில் இரண்டு பொருள் கலந்து கிடக்கிறது. கதவு பூட்டப்படவில்லை, நீங்கள் வெளியே போகலாம் என்பது ஒன்று. வெளியே நடந்து போகக் காலில் தெம்பும் கையில் காசும் இருக்கிறது என்பது மற்றொன்று. தத்துவ அறிஞர் ஐசையா பெர்லின் 1958-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை ஒன்றில் ஏறக்குறைய இந்தப் பிரிவினையைத்தான் விளக்கினார். பழமைவாதிகள் தனிமனித சுதந்திரம் என்று சொல்லும்போது முதல் பொருளில் சொல்கிறார்கள்: பேச, வணங்க, தொழில் செய்ய, சொத்து வைத்திருக்க யாரும் குறுக்கே வராமல் இருப்பது. தெம்பும் காசும் வேண்டாம் என்பதல்ல. அவற்றை அரசு ஒருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து எடுத்தாக வேண்டுமே, அந்த எடுக்கும் அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பதே அவர்கள் கேள்வி. நடக்க முடியாதவனுக்குத் திறந்த கதவால் என்ன பயன் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள். இருபதாம் நூற்றாண்டின் பாதி அரசியல் இந்த ஒரு வாசற்படியில்தான் நடந்தது.

இதில் பழமை எங்கே வந்தது?

சுதந்திரத்தை விரும்புகிறவர்கள் பலர். தாராளவாதிகள் விரும்புகிறார்கள், புரட்சிக்காரர்களும் விரும்புகிறார்கள். பழமைவாதி மட்டும் அதைப் பாட்டன் சொத்தாகப் பார்க்கிறார். மனிதனுக்கு இயற்கையில் இன்னின்ன உரிமை உண்டு என்று வெள்ளைத்தாளில் சூத்திரம் எழுதித் தொடங்குவதில் அவருக்கு நம்பிக்கை குறைவு. 1215-இல் இங்கிலாந்தின் ஜான் மன்னனிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டா, சட்டப்படி அல்லாமல் சுதந்திர மனிதனைச் சிறைபிடிக்கக் கூடாது என்றது. 1689-இன் உரிமைச் சட்டம், நாடாளுமன்றம் ஒப்பாமல் அரசர் வரி வாங்கக் கூடாது என்றது. இப்படிச் சண்டை போட்டுச் சண்டை போட்டுச் சேர்த்த சொத்து அது, ஊதாரித்தனமாக அழித்துவிடாதே என்பது அவர் பேச்சு.

இந்தப் பார்வைக்கு மூலவர் எட்மண்ட் பர்க். டப்ளினில் பிறந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தவர். அமெரிக்கக் குடியேற்றங்கள் வரிக்கு எதிராகக் குமுறியபோது அவர்கள் பக்கம் பேசினார். 1790-இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அன்றைக்கே பலருக்கு இது முரண்பாடாகப் பட்டது. அவர் கண்ணுக்கு இரண்டிலும் உறுத்தியது கடிவாளமில்லாத அதிகாரம். அது லண்டனில் இருந்தால் என்ன, பாரிஸின் மக்கள் பேரவையில் இருந்தால் என்ன?

இதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வங்காளத்தை ஆண்ட வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பிரபுக்கள் அவையில் 1788-இல் விசாரணை தொடங்கியது. வழக்கை நடத்தியவர் பர்க். கிழக்கே ஆட்சி என்றாலே மன்னன் வைத்ததுதான் சட்டம், அந்த அதிகாரம்தான் எனக்கும் வந்தது என்கிற ரீதியில் ஹேஸ்டிங்ஸ் தரப்பு பேசியது. பர்க் மறுத்தார். கட்டற்ற அதிகாரத்தை உனக்குக் கொடுக்கக் கம்பெனியிடம் அது இல்லை, மன்னரிடம் இல்லை, நாடாளுமன்றத்திடமும் இல்லை. எந்த மனிதனும் வைத்திருக்கவும் முடியாத, கொடுக்கவும் முடியாத ஒன்று அது என்றார். பவர் பத்திரக் கணக்கு இங்கே முழுமையாகிறது: தன்னிடம் இல்லாததை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. 1795-இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையாகிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாதம் நின்றது, வழக்கு நிற்கவில்லை.

பழமைவாதத்துக்கு அடியில் இரண்டு அவநம்பிக்கைகள் ஓடுகின்றன. முதலாவது மனிதன் மேல். மனிதர்கள் எல்லாம் தேவர்களாக இருந்தால் அரசே தேவைப்படாது, ஆள்கிறவர்கள் தேவர்களாக இருந்தால் அரசுக்குக் கட்டுப்பாடு தேவைப்படாது என்ற பொருளில், அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் 1788-இல் எழுதினார். அரசு வேண்டும் என்பதற்கும் அதைக் கட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் ஒன்றே. இரண்டாவது அவநம்பிக்கை அறிவு மேல். யாருக்கு என்ன தேவை, எது எங்கே உபரி என்ற தகவல் கோடிக்கணக்கானவர்களின் தலைகளில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது, மேலே ஒரு மேசையில் அதைக் கூட்டிச் சேர்க்க முடியாது என்று பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹயெக் 1945-இல் வாதிட்டார். வேடிக்கை என்னவென்றால், நான் பழமைவாதி அல்ல என்று 1960-இல் தனியாக ஒரு கட்டுரையே எழுதியவர் அவர். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சர் அதைப் பொருட்படுத்தாமல் அவரைக் கொண்டாடினார்.

இதுவரை பார்த்தது: அரசு ஒரு ஏஜென்ட். அதன் அளவைவிட அதன் எல்லை முக்கியம். அந்த எல்லையைப் பழமைவாதி மதிப்பதற்குக் காரணம், மனிதர்களின் நல்ல குணத்தின் மேலும் மேதாவித்தனத்தின் மேலும் அவர் வைத்திருக்கும் சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு நகர்வோம். அரசு கையை எடுத்தால் போதும், மிச்சம் தனிமனிதன் பாடு என்பவர்களை லிபர்டேரியன்கள் என்பார்கள். பழமைவாதி அவர்களோடு பாதி வழிதான் வருவார். ஒண்டியாக நிற்கும் மனிதன் அரசின் முன் தூசு. நடுவில் குடும்பம், வழிபாட்டுக் கூட்டம், சங்கம், உள்ளூர் நிர்வாகம் என்று பல அடுக்குகள் வேண்டும் என்பது அவர் எண்ணம். 1831-இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் தோக்வில், எதற்கெடுத்தாலும் இந்த ஜனங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்துவிடுகிறார்களே என்று வியந்தார்.

வரம்பு எப்படி வேலை செய்கிறது?

எண்ணம் நல்லதாக இருந்தால் போதாது, பூட்டு வேண்டும். 1787-இல் பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு இதற்கு எளிதாகப் பார்க்கக்கூடிய மாதிரி. அதன் முதல் பிரிவின் எட்டாம் பகுதியில் நாடாளுமன்றம், அதாவது காங்கிரஸ், என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் இருக்கிறது. வரி போடலாம், கடன் வாங்கலாம், நாணயம் அடிக்கலாம், தபால் நிலையம் வைக்கலாம், போர் அறிவிக்கலாம் என்று 18 வாசகங்கள். அப்படியே பவர் பத்திரம். 1791-இல் சேர்ந்த பத்துத் திருத்தங்களில் கடைசியானது, இதில் ஒப்படைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்று முத்திரை வைக்கிறது. மேலே சட்டம் இயற்றுபவர், நிறைவேற்றுபவர், தீர்ப்புச் சொல்பவர் என்று சாவியை மூன்றாக உடைத்து மூவரிடம் கொடுத்தார்கள்.

பூட்டு எப்படி இளகும் என்பதற்கு ஒரு கோதுமைக் கதை. பட்டியலில் மூன்றாவது வாசகம், மாநிலங்களுக்கு இடையே நடக்கும் வணிகத்தைக் காங்கிரஸ் ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. விலை சரியாமல் இருக்க யார் எவ்வளவு கோதுமை போடலாம் என்று அளவு வைத்த சட்டம் 1938-இல் வந்தது. ஒஹாயோ விவசாயி ஒருவருக்கு ஒதுக்கியது 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷெலுக்கு (புஷெல் என்பது தானியம் அளக்கும் அளவு), புஷெலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். "இது விற்க இல்லை; என் மாட்டுக்கும் கோழிக்கும், என் வீட்டு மாவுக்கும் விதைக்கும்" என்று அவர் வழக்காடினார். 1942-இல் உச்ச நீதிமன்றம் ஒரு மனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நீ விளைவிக்காமல் இருந்திருந்தால் சந்தையில் வாங்கியிருப்பாய். உன்னைப் போலப் பலர் செய்தால் நாடு முழுக்க விலை அசையும். ஆகவே இதுவும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தைப் பாதிக்கும் என்பது தர்க்கம்.

தன் நிலம், தன் கோழி, தன் தட்டு. இதுவும் வணிகம் என்றால் எதுதான் வணிகம் இல்லை? அமெரிக்கப் பழமைவாதிகள் இன்றும் ஆறாத புண்ணாக நினைக்கும் தீர்ப்பு இது.

பூட்டு பிடித்த கதையும் உண்டு. பள்ளி வளாகத்துக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியக் குற்றம் என்று 1990-இல் ஒரு சட்டம் வந்தது. 1992-இல் டெக்ஸஸின் சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்கு வந்து பிடிபட்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. துப்பாக்கியால் வன்முறை, வன்முறையால் படிப்புக் கெடும், படிப்புக் கெட்டால் பொருளாதாரம் கெடும், ஆகவே வணிகம் என்று மத்திய அரசு சங்கிலி கோத்தது. 1995-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வணிக அதிகாரத்தைத் தாண்டியது என்று ஒரு சட்டத்தை அது அடித்தது ஏறக்குறைய அறுபது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

இந்தத் தீர்ப்பைப் பள்ளியில் துப்பாக்கிக்கு அனுமதி என்று படித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவருவது டெக்ஸஸ் மாநிலச் சட்டப்படியே குற்றம். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பது வழக்கில் கேள்வியே இல்லை. இந்தப் பத்திரத்தில் உனக்கு அந்தப் பவர் எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு சட்டம் நல்ல காரியத்துக்கு என்பதால் மட்டும் அதிகாரம் பிறந்துவிடாது. இதைப் பிடித்துக்கொண்டால் வரம்புள்ள அரசு என்பதில் முக்கால்வாசி புரிந்துவிடும். அடுத்த ஆண்டே காங்கிரஸ் சில சொற்களைச் சேர்த்து அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது என்பது தனிக் கூத்து.

ரீகன் வாக்கியத்தின் முன்பாதி

அரசு நம் சிக்கலுக்குத் தீர்வு அல்ல, அரசுதான் சிக்கல் என்று குடியரசுக் கட்சி அதிபர் ரொனால்ட் ரீகன் 1981 ஜனவரி 20 அன்று பதவியேற்பு உரையில் சொன்னது உலகப் புகழ். அந்த வாக்கியத்துக்கு ஒரு முன்பாதி உண்டு: "இன்றைய இந்த நெருக்கடியில்". பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்து அடித்த நேரம் அது. அதே உரையில், அரசை ஒழிப்பது என் நோக்கமல்ல, அது நம் தலைமேல் நிற்காமல் நம்மோடு நின்று வேலை செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அரசே வேண்டாம் என்பவர்கள் என்ற முத்திரைக்கு மூலப்பேச்சிலேயே மறுப்பு இருக்கிறது. அவர் எட்டு ஆண்டுகளில் அமெரிக்காவின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்கானது. பேச்சு ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம்.

உறுத்தும் இடம்

இந்தக் கொள்கையின் மிகக் கசப்பான பக்கம் 1964-இல் திறந்தது. கறுப்பினத்தவரை உணவகங்களும் விடுதிகளும் வாசலில் நிறுத்திய காலம். அதைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டுக்கு வந்தபோது அரிஸோனாவின் குடியரசுக் கட்சி உறுப்பினர் பாரி கோல்ட்வாட்டர் எதிர்த்து வாக்களித்தார். 1957, 1960 ஆண்டுகளின் குடிமை உரிமைகள் சட்டங்களை ஆதரித்தவர்தான். தனியார் கடைக்காரர் யாருக்கு விற்க வேண்டும், யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் அவர் வென்றது ஆறு மாநிலங்கள்: சொந்த மாநிலமும், இனப் பிரிவினையில் ஊறிய ஐந்து தென்மாநிலங்களும்.

கோல்ட்வாட்டரின் தர்க்கத்தில் வளைவு இல்லை. ஆனால் அந்த நேரம் தெற்கில் ஒரு கறுப்பினத்தவருக்கு அடி கொடுத்தது எந்த அரசு? மாநில அரசும், ஊர்க்காவலும், கடைக்காரரும் சேர்ந்துதான். வாஷிங்டன் மட்டும்தான் ஆபத்து என்று எண்ணி அதை மட்டும் கட்டிப்போட்டால், அருகில் இருக்கும் சின்ன அதிகாரம் கேட்பாரின்றிப் போய்விடும். அதற்கும் முன்பு அடிமை முறையைக் காக்கவும் மாநில உரிமை என்ற இதே கேடயம் தூக்கப்பட்டது. என் கணக்கில் இது இந்தக் கொள்கை இன்னும் முழுதாகப் பதில் சொல்லாத கேள்வி. கிடைக்கும் நேர்மையான பதில், வரம்பு எல்லா அடுக்கு அரசுக்கும் வேண்டும் என்பது. அப்படியானால் உள்ளூர் அரசை யார் கட்டுவது? மேலே இருக்கும் அரசுதான். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

சொல்பவர்களே தாண்டும்போது

கொள்கையைப் பேசுபவர்கள் அதைக் காப்பாற்றியதற்குச் சமமாக மீறியும் இருக்கிறார்கள். தாட்சர் உச்ச வருமான வரியை 83 சதவீதத்திலிருந்து படிப்படியாக 40-க்கு இறக்கினார். அவரோடு மோதிய லண்டன் பெருநகர மன்றத்தை 1986-இல் அடியோடு கலைத்தும் போட்டார். குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் புஷ் 2001-இல் கையெழுத்திட்ட பேட்ரியட் சட்டம் அரசின் கண்காணிப்புக் கையைப் பெரிதாக நீட்டியது. தனக்குப் பிடிக்காத அரசு ஆளும்போது எல்லோருமே வரம்புக்காரர்கள்தான்.

உண்மையான சோதனை, தனக்குப் பிடிக்காத காரியத்துக்காக வரம்பைக் காப்பது. 2005-இல் அது வந்தது. மருத்துவர் பரிந்துரைத்தால் கஞ்சா பயன்படுத்தலாம் என்று கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1996-இலேயே முடிவெடுத்திருந்தார்கள். மத்தியச் சட்டம் அதைத் தடை செய்திருந்தது. நோயாளி ஒருவர் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை 2002-இல் மத்திய அதிகாரிகள் வந்து பிடுங்கி அழித்தார்கள். உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று மத்திய அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மை கைகாட்டிய முன்னுதாரணம் அந்த ஒஹாயோக் கோதுமை. பழமைவாதிகளின் பெருமிதமான நீதிபதி ஸ்காலியா பெரும்பான்மையோடு நின்றார். இன்னொரு பழமைவாதி தாமஸ், இதை ஒழுங்குபடுத்த முடியும் என்றால் காங்கிரஸால் முடியாதது ஒன்றுமே இல்லை என்று எதிர்த்து எழுதினார். முதன்மையான எதிர்த் தீர்ப்பை எழுதியவர் ரீகன் நியமித்த சாண்ட்ரா டே ஓ'கானர். தான் கலிஃபோர்னியாக்காரியாக இருந்திருந்தால் அந்த முடிவுக்கு வாக்களித்திருக்கமாட்டேன், அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்திருந்தாலும் ஆதரித்திருக்கமாட்டேன் என்று அதில் சொல்லிவிட்டு, ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது கலிஃபோர்னியாதான் என்று எழுதினார்.